லேசர் கோட்டைத் தாண்டினால் கத்தும் அலாரம்: 555 ஐசி வைத்து நீங்களே செய்ய

சினிமாவில் வைரம் திருடப் போகிறவர் தரையோடு ஊர்ந்து போவாரே, குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடுகள், அதில் ஒரே ஒரு கோடுதான் இந்தக் கட்டுரை. நிஜத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. லேசர் போய் விழும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். அந்தப் புள்ளி விழும் இடத்தில் வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் ஒன்றை வைக்கிறோம். நடுவில் கால் குறுக்கிட்டால் 555 என்ற சிறு டைமர் சில்லு (ஐசி) அதைக் கண்டு பஸ்ஸரைக் கத்தவைக்கும். ஆள் தாண்டிப் போன பிறகும், நீங்கள் வந்து பட்டனை அழுத்தும்வரை நிற்காது.

நிரல் எழுத வேண்டாம், வைஃபை வேண்டாம். பொருள் வாங்க அரை நாள், பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமலே பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) சோதிக்க ஒரு மாலை, சால்டர் செய்து, அதாவது ஈயம் உருக்கி ஒட்டி, மாட்ட இன்னொரு மாலை. கருவிகள் ஏற்கெனவே இருந்தால் பாகங்களுக்கு மட்டும் 200 முதல் 300 ரூபாய்க்குள் முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கோ கிடைத்த இணைப்புப் படத்தைப் பார்த்து அப்படியே இணைத்தால் மேசைமேல் அழகாக வேலை செய்யும். வாசலில் மாட்டியதும் ஒன்று கத்தாது, இல்லையென்றால் நிற்காமல் கத்தும். உடனே ஐசி போச்சு என்று புது ஐசி வாங்க ஓடுவார்கள். பத்துக்கு எட்டு முறை ஐசி நன்றாகவே இருக்கும். தொல்லை அறை வெளிச்சத்திலும் கரண்டிலும் இருக்கும். அதனால் கீழே 6-ம் படியையும் 7-ம் படியையும் மட்டுமாவது தாண்டாமல் படியுங்கள்.

1. எங்கே மாட்டப் போகிறீர்கள்?

பொருள் வாங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். முதல் முயற்சிக்கு 2 முதல் 5 மீட்டர் தூரம் போதும். தரையிலிருந்து 30 அல்லது 40 செ.மீ. உயரம், அதாவது முழங்காலுக்குக் கீழே. இந்த உயரத்துக்குக் காரணம் திருடன் இல்லை, உங்கள் கண். ஐந்து மில்லிவாட் என்று எழுதி விற்கும் மலிவு லேசர்கள் சில அதற்கு மேலும் தரும். கண்மட்டத்தில் வைக்கவே கூடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் முழங்கால் உயரம்தான் குழந்தையின் கண்மட்டம். அங்கே இதைச் செய்யாதீர்கள். கதவில் மாட்டும் காந்த ஸ்விட்ச் வாங்கிக்கொள்ளுங்கள். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் அதே யோசனைதான், அவற்றின் கண்ணுக்காகவும் உங்கள் தூக்கத்துக்காகவும்.

எல்டிஆர் பெட்டி கிழக்கையோ மேற்கையோ பார்க்கக் கூடாது. காலை வெயிலோ மாலை வெயிலோ நேராக உள்ளே விழுந்தால், லேசர் மறைந்தாலும் எல்டிஆருக்கு இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்றே தோன்றும், அலாரம் ஊமையாகிவிடும். வடக்கு அல்லது தெற்கு பார்த்து வையுங்கள்.

வாடகை வீடென்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுக்குமாடியில் பொது நடைபாதை உங்கள் இடமல்ல. அங்கே வைக்கச் சங்கத்தின் சம்மதம் வேண்டும்.

2. வாங்க வேண்டியவை

விலைகள் தோராயம். சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாமே ஒரே நடையில் கிடைக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆன்லைனில் வாங்கினால் பாகங்களைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடலாம். அதனால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டாக ஒரே ஆர்டரில் போடுங்கள்.

- என்இ555 ஐசி 2, எட்டுக்கால் ஐசி பேஸ் (ஐசியைச் செருகும் சாக்கெட்) 1: சேர்த்து 30 ரூபாய்
- 5 மி.மீ. எல்டிஆர் 2: 20 ரூபாய்
- 6 மி.மீ. பித்தளைக் குழல் லேசர், 5 வோல்ட், சிவப்பு: 30 முதல் 60 ரூபாய்
- ஆக்டிவ் பஸ்ஸர், 3 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் வகை: 30 முதல் 50 ரூபாய்
- 10கே ப்ரீசெட் (திருப்பி ஓமை மாற்றும் ரெசிஸ்டர்; கே என்றால் ஆயிரம் ஓம்) 1, புஷ் பட்டன் 1
- ரெசிஸ்டர்: 47 ஓம், 1கே, 100கே, ஒவ்வொன்றிலும் ஒன்று (கடையில் பத்தாகத்தான் தருவார்கள்)
- கெபாசிட்டர்: 103 என்று அச்சிட்டது 1, 104 என்று அச்சிட்டது 1, 1 மைக்ரோ ஃபாரட் 1, 100 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் 1
- ஜீரோ போர்டு (பாகங்களைச் சால்டர் செய்யும் துளைப் பலகை) சிறியது, இரட்டை ஒயர் 10 மீட்டர்
- பழைய போன் சார்ஜர், 5 வோல்ட்

கருவிகள்: பிரெட்போர்டு, மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை). எதுவுமே கையில் இல்லையென்றால் இன்னும் 500 முதல் 700 ரூபாய் ஆகும். மல்டிமீட்டரை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மஞ்சள் நிறத்தில் விற்கும் சாதாரண மீட்டரே போதும், ஆனால் அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் இருட்டில் தடவுவதுதான்.

வாங்கும்போது இரண்டு பொறிகள். முதலாவது பஸ்ஸர்: ஆக்டிவ், பாஸிவ் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பாஸிவுக்கு 5 வோல்ட் கொடுத்தால் ஒரு 'டிக்' மட்டும் கேட்கும், கத்தாது. கடையிலேயே கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது ஐசி: 7555, டிஎல்சி555 என்ற வகையைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். அவை கரண்டைக் குறைவாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் பஸ்ஸரை ஓட்டும் அவற்றின் 3-ம் கால் தள்ளும் கரண்டும் குறைவு, பஸ்ஸர் முனகும். என்இ555 என்றே கேளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

என்இ555 தரவுத்தாளில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) கால்கள் வரைந்த பக்கத்தை மட்டும் அச்செடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள். ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் மூலை 1-ம் கால். அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் கீழிருந்து மேலே ஏறினால் 8. மேலே எட்டு, கீழே ஐந்து. இதைத் தலைகீழாகச் செருகினால் ஐசி கெட்டுப்போகலாம், இரண்டாவது ஐசி வாங்கச் சொன்னது அதற்குத்தான்.

இன்னொரு தாளில் இணைப்புகளை உங்கள் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு ஒயரும் போட்டதும் அந்தக் கோட்டின் மேல் பேனாவால் அடையாளம் போடுங்கள். அதே தாளின் பின்பக்கம் வோல்ட் அளவுகளை எழுத வேண்டும். 6-ம் படியில் தேவைப்படும்.

இதே ஆர்வத்தில் அடுத்ததாக மறைத்து வைக்கும் கேமரா, ஒட்டுக்கேட்கும் மைக் என்று மனம் போகும். ஒருவரின் அந்தரங்க உடல் பகுதியை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின் கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. லேசர் கோடு யாரையும் படம் பிடிக்காது, யார் பேச்சையும் பதியாது. உங்கள் வாசலை யாரோ தாண்டினார்கள் என்று மட்டும் சொல்லும்.

4. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சோதியுங்கள்

இதற்குப் பதினைந்து நிமிடம் போதும், தவிர்த்தால் ஒரு மாலை போய்விடும்.

எல்டிஆரை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓம் காட்டும். விரலால் நன்றாக மூடினால் பல பத்தாயிரமாக ஏறும். லேசர் புள்ளி நேராக விழுந்தால் சில நூறு ஓமுக்கு இறங்கும். மூன்று எண்களையும் தாளில் எழுதுங்கள்.

லேசரின் சிவப்பு ஒயர் பிளஸ், நீலம் மைனஸ். சிவப்பு ஒயரோடு 47 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் சேர்த்துவிட்டே 5 வோல்ட் கொடுங்கள். இந்த மலிவு லேசர்கள் இரவு முழுக்க எரிவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ரெசிஸ்டர் சேர்த்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், சூடும் குறையும். எல்டிஆருக்கு அந்த வெளிச்சமே தாராளம்.

5. பிரெட்போர்டில் இணைப்பு

1-ம் கால் கிரவுண்டு (சார்ஜரின் மைனஸ்), 8-ம் கால் 5 வோல்ட் (சார்ஜரின் பிளஸ்). இந்த இரண்டுக்கும் குறுக்கே, ஐசிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 104 கெபாசிட்டர். என்இ555 நிலை மாறும் நொடியில் கரண்டைச் சட்டென்று இழுக்கும். இந்தக் கெபாசிட்டர் இல்லாவிட்டால் அதுவே தன்னைக் குழப்பிக்கொள்ளும்.

2-ம் காலிலிருந்து எல்டிஆர் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே 2-ம் காலிலிருந்து 1கே ரெசிஸ்டர், அதைத் தொடர்ந்து ப்ரீசெட், அங்கிருந்து கிரவுண்டு. ப்ரீசெட்டில் நடுக்காலும் ஓர் ஓரக்காலும் மட்டும் போதும். 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை 2-ம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். ஃபேன் ஸ்விட்ச் போடும்போதும் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் அலாரம் தானாகக் கத்துவதை இது நிறுத்தும்.

3-ம் காலில் பஸ்ஸரின் பிளஸ், பஸ்ஸரின் மைனஸ் கிரவுண்டுக்கு.

4-ம் காலிலிருந்து 100கே வழியாக 5 வோல்ட்டுக்கு. 4-ம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே புஷ் பட்டன். அந்தப் பட்டனுக்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட், மைனஸ் கோடு கிரவுண்டுப் பக்கம். பட்டன் அலாரத்தை நிறுத்த. கெபாசிட்டர் எதற்கு என்றால், கரண்ட் வந்த முதல் கணத்திலேயே அலாரம் கத்தாமல் சற்றே பிடித்துவைக்க. 100கே பெருக்கல் 100 மைக்ரோ என்று பார்த்தால் 10 வினாடி வரும் என்று கணக்குச் சொல்லும், வராது. 4-ம் கால் ஒரு வோல்ட்டுக்கும் கீழேயே விடுபட்டுவிடும், போதாக்குறைக்கு அந்தக் காலே கொஞ்சம் கரண்டைத் தள்ளிக் கெபாசிட்டரை நிரப்பும். கிடைப்பது கால் வினாடி அளவுதான். நமக்கு அது போதும்.

5-ம் காலிலிருந்து 103 கெபாசிட்டர் கிரவுண்டுக்கு. 6-ம் கால் நேராகக் கிரவுண்டுக்கு. 7-ம் கால் சும்மா.

6-ம் காலை மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தொங்கவிட்டால் அலாரம் அடித்து, தன் விருப்பத்துக்கு நிற்கும்.

6. இரண்டாம் காலின் வோல்ட்

மொத்த வேலையும் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. 2-ம் காலின் வோல்ட், கொடுக்கும் வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அலாரம் கத்தும். 5 வோல்ட் கொடுத்தால் அந்த எல்லை 1.67.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பை 2-ம் காலிலும் தொடுங்கள். லேசர் எல்டிஆரில் விழும்போது 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். கையால் மறைத்தால் 1-க்குக் கீழே வர வேண்டும். ப்ரீசெட்டைத் திருப்பி இந்த இரண்டையும் ஒருசேரப் பிடியுங்கள். ஓமைக் குறைத்தால் இரண்டு எண்ணும் இறங்கும், கூட்டினால் இரண்டும் ஏறும்.

இனி அந்த மேசை, வாசல் வித்தியாசம். பிரெட்போர்டை இரவில் மங்கலான விளக்கில் சரிசெய்திருப்பீர்கள். வாசலில் டியூப்லைட் எரிகிறது. லேசரை மறைத்தாலும் அந்த வெளிச்சத்தில் எல்டிஆர் 10கே-யிலேயே நிற்கிறது. ப்ரீசெட்டும் 10கே-யில் இருந்தால் 2-ம் காலில் பாதி, அதாவது 2.5 வோல்ட். எல்லை 1.67. ஐசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, கத்தவில்லை.

ப்ரீசெட்டை இறக்கி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் சரியான மருந்து ஒரு குழல். எல்டிஆரின் முன்னால் 4 செ.மீ. நீளத்துக்குக் கறுப்புக் குழல் ஒன்றை மாட்டுங்கள்: பழைய ஸ்கெட்ச் பேனாவின் உடலை வெட்டி, உள்ளே கறுப்பு மார்க்கர் பூசினால் போதும். எல்டிஆரின் முதுகையும் கறுப்பு டேப்பால் மூடுங்கள். பின்பக்கத்து வெளிச்சமும் கசியும் என்பது பலருக்குத் தோன்றாது. இப்போது லேசர் வரும் திசையைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. மறைத்தால் அரை வோல்ட்டுக்கே இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

அளவுகளைப் பகலில் ஒரு முறை, எல்லா விளக்கும் எரியும் இரவில் ஒரு முறை, விளக்கணைத்து ஒரு முறை எடுத்து எழுதுங்கள். மூன்றிலும் 3.5-க்கு மேல், 1-க்குக் கீழ் என்று நின்றால்தான் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும்.

7. கரண்ட்

9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓட்டலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். லேசர், ஐசி, எல்டிஆர் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும். அந்தப் பேட்டரியின் கொள்ளளவே சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான், மலிவானதில் இன்னும் குறைவு. ஓர் இரவு தாண்டாது. 5 வோல்ட் போன் சார்ஜரே சரி.

பவர் பேங்க்கும் ஏமாற்றும். இவ்வளவு சிறிய கரண்டைப் பார்த்து, போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலானவை சிறிது நேரத்தில் தாமாக அணைந்துவிடும்.

பெரிய பொறி வேறு. லேசருக்கு ஒரு சார்ஜர், எல்டிஆர் பெட்டிக்கு வேறு சார்ஜர் என்று போட்டு, ஒன்று மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் என்ன ஆகும்? இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகும், லேசர் அணையும், பெட்டி உயிரோடு இருக்கும். கோட்டை யாரோ தாண்டிவிட்டார்கள் என்று தெருவே எழும்பும்படி கத்தும். இரண்டுக்கும் ஒரே சார்ஜர், ஒரே லைன். லேசர் வரைக்கும் இரட்டை ஒயரைக் கதவு நிலையின் மேலாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். பத்து மீட்டர் ஒயரானாலும் இந்தச் சிறு கரண்டுக்கு வோல்ட் இழப்பு கண்ணுக்கே தெரியாது.

8. சால்டர், பெட்டி

ஜீரோ போர்டில் முதலில் ஐசி பேஸைச் சால்டர் செய்யுங்கள், ஐசியைக் கடைசியில் செருகுங்கள். ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் சூடு வைக்க வேண்டாம். முடித்ததும் ஐசி செருகாமலே 1-ம், 8-ம் குழிகளுக்கு இடையே மல்டிமீட்டரின் 'பீப்' சோதனை. பீப் நீடித்தால் எங்கோ ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம்.

பெட்டிக்கு மின்சாரக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் போதும். பட்டனை உள்பக்கம் வையுங்கள். வெளியே தெரிந்தால் தாண்டி வந்தவரே அணைத்துவிடுவார்.

9. நேர்பார்த்து மாட்டுதல்

பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள், பகலில் புள்ளியைத் தேடியே நேரம் போகும். எல்டிஆர் பெட்டியை முதலில் நிரந்தரமாகத் திருகிவிட்டு, லேசரைக் கடைசியாகப் பொருத்துங்கள். குழலின் வாயில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் வைத்துப் புள்ளியை நடுவில் கொண்டுவந்து, காகிதத்தை எடுத்ததும் 2-ம் காலின் வோல்ட்டைப் பாருங்கள். தாளில் எழுதிய எண்ணுக்கு அருகில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இரட்டைப் பக்க டேப் சித்திரை வெயிலில் இளகி லேசரைத் தலைசாய்க்கும். இரண்டு திருகு போடுங்கள். கதவின்மேலோ கதவு நிலையிலோ லேசரை வைக்கக் கூடாது. யாராவது கதவை அறைந்து சாத்தினாலே கோடு நகரும்.

கண்ணாடி வைத்துக் கோட்டை மடக்கும் ஆசையை அடுத்த முறைக்கு வையுங்கள். கண்ணாடி ஒரு டிகிரி அசைந்தால் கோடு இரண்டு டிகிரி திரும்பும். ஐந்து மீட்டர் தள்ளி அது 17 செ.மீ.; உங்கள் குழலின் வாய் ஒரு செ.மீ. கூட இல்லை.

10. இன்னும் தொல்லை தந்தால்

பட்டனை அழுத்தினால் நிற்கிறது, விட்டதும் கத்துகிறது: கோடு இன்னும் எல்டிஆரில் விழவில்லை. நேர்பார்த்தலைத் திரும்பச் செய்யுங்கள்.

சில வாரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று ராத்திரியில் கத்துகிறது: குழலுக்குள் சிலந்தி வலை, அல்லது தூசி. டியூப்லைட்டுப் பூச்சிக்கு வரும் பல்லி குழல் வாயில் உட்கார்ந்தாலும் இதே கதை. மாதம் ஒரு முறை காதுக்குடையும் பஞ்சால் துடையுங்கள்.

வேகமாக எறிந்த பந்துக்குக் கத்தவில்லை: சரிதான். எல்டிஆர் மெதுவான பொருள், மறைந்ததை உணரச் சில பத்து மில்லி வினாடி எடுக்கும். நடந்து போகும் காலுக்கு அது போதும்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது நிற்காமல் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். அப்படியென்றால் 6-ம் காலைக் கிரவுண்டிலிருந்து எடுத்து 7-ம் காலோடு சேருங்கள். அந்த இடத்திலிருந்து 5 வோல்ட்டுக்கு 270கே ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு இன்னொரு 100 மைக்ரோ ஃபாரட். இப்போது சுமார் 30 வினாடி கத்திவிட்டுத் தானாக நிற்கும். கெபாசிட்டரின் அளவு கூடக்குறைய இருப்பதால் ஐந்தாறு வினாடி முன்பின் ஆகலாம். ஆனால் கோட்டின்மேல் எதையாவது வைத்துவிட்டுப் போனால், உதாரணமாகக் காற்றில் சாய்ந்த செருப்பு ஸ்டாண்டு, அதை எடுக்கும்வரை கத்தும். ஊருக்குப் போகும் நாட்களில் வாசலில் இருப்பதையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.